சலப்பை ஸ்கான்: நிறைய வேண்டியதும் காலியாக வேண்டியதும்

வாசகர் கேள்வி – மருத்துவப் பதில்

சலப்பையை நிறைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். எவ்வளவு குடிப்பது, எத்தனை நேரம் அடக்குவது என்று சொல்வதில்லை. புல்மோட்டையிலிருந்து மூதூர் வரை திருகோணமலை மாவட்டத்துப் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை இது. இந்தப் பரிசோதனையில் பாதி வேலை நோயாளியின் கையில்தான் இருக்கிறது. அதனால் இம்முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

காலை எட்டரைக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் 'யூ.எஸ்.எஸ். கே.யூ.பி.' (சிறுநீரகம், சலக்குழாய், சலப்பை மூன்றையும் பார்க்கும்) ஸ்கான். விடியமுன் பஸ் ஏற வேண்டும். துண்டில் 'சலம் நிறைந்திருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் எப்படி அடக்குவது? நிறையாமல் போனால் என்ன நடக்கும்?
– வாசகர், புல்மோட்டை

வீட்டில் குடிக்க வேண்டாம். புறப்படும்போது வழக்கம்போல் சலம் கழித்துவிட்டு பஸ் ஏறுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் தேவையென்றால் மீண்டும் ஒருமுறை மலசலகூடம் போங்கள். ஏழேகாலுக்கும் ஏழரைக்கும் இடையில் சாதாரணத் தண்ணீர் முக்கால் லீற்றர் குடித்து முடியுங்கள். ஒரு லீற்றர் போத்தலில் கால்வாசி மிச்சம் இருக்கட்டும். அதற்குப் பிறகு ஸ்கான் முடியும்வரை சலம் கழிக்க வேண்டாம். குடித்த நீர் சிறுநீரகம் வழியாகப் பைக்கு இறங்க ஒரு மணிநேரமாவது வேண்டும். கட்டிலில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன் அவசரமாக ஒரு போத்தல் குடிப்பவருக்கு வயிறுதான் நிறையும், சலப்பை நிறையாது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல்நாள் வெயிலில் திரிந்து வியர்த்தவருடைய உடம்பு காலையில் குடிக்கும் தண்ணீரைத் தனக்கே வைத்துக்கொள்ளும். ஒரு மணிநேரம் கழிந்தும் பை நிறையாது. முதல்நாளே இரண்டு, இரண்டரை லீற்றர் குடித்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. சோடா வகை எதுவும் வேண்டாம். அதன் வாயு குடலில் தங்கும். இந்த ஸ்கான் படம் எடுப்பது ஒலியலையால், ஒலியலை காற்றுக்குள் புகாது. பிளேன்ரீயும் கோப்பியும் அடக்குவதைக் கஷ்டமாக்கும்.

ஏன் நிறைய வேண்டும்? நீர் ஒலியலையைத் தடுக்காது; திரையில் அது சுத்தக் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக்குப் பின்னால்தான் சுவரும் கல்லும் கட்டியும் தெளிவாகத் தெரிகின்றன. நிறைந்த பை குடலையும் மேலே தள்ளிவிடும். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சலக்குழாய் பைக்குள் நுழையும் இடத்தில் சிக்கும் சிறிய கற்கள் அநேகமாக நிறைந்த பையில்தான் பிடிபடும். காலிப் பையின் சுவரோ சுருங்கி மடிந்து கிடக்கும். நன்கு விரிந்த பையில் சுவர் 3 மி.மீ. வரையும், காலிப் பையில் 5 மி.மீ. வரையும் இருப்பது சாதாரணம். அரைகுறையாக நிறைந்த பையைப் பார்த்து 'சுவர் தடித்திருக்கிறது' என்று றிப்போட் வந்தால் தேவையில்லாத கவலை. மடிப்புக்குள் ஒரு சிறு கட்டி ஒளிந்துகொண்டால் அது கவலையைவிட மோசம்.

அளவுக்கு மிஞ்சி நிறைப்பதும் கூடாது. பெரியவரின் பை 400 முதல் 600 மி.லீ. வரை கொள்ளும். ஸ்கானுக்கு 300 மி.லீ. அளவு இருந்தால் போதும். 'போக வேண்டும்' என்று நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் கதிரையில் இருந்து கதைக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. முட்டமுட்ட நிறைந்தால் சலம் மேல்நோக்கி அழுத்தி, நல்ல சிறுநீரகமும் இலேசாக வீங்கியதுபோல் தெரியும். அப்படித் தெரிந்தால் சலம் கழித்தபின் சிறுநீரகத்தை மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

உங்கள் இலக்கம் வரத் தாமதமானால் துடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கதவடியில் இருப்பவரிடம் 'நிறைந்துவிட்டது' என்று சொல்லுங்கள். முன்பின் மாற்றி எடுக்க இடமிருந்தால் எடுப்பார்கள். முடியாவிட்டால் ஒரு கிளாஸ் அளவு மட்டும் கழித்துவிட்டு நிறுத்துங்கள். இடையில் நிறுத்த வராதவர்கள் முழுதும் கழித்துவிட்டு, அதைச் சொல்லி, மறுபடி அரை லீற்றர் குடித்துவிட்டுக் காத்திருக்கலாம். சொல்லாமல் உள்ளே போய்ப் படுப்பதுதான் தவறு.

*

அப்பாவுக்கு 72 வயது. இரவில் நாலைந்து தரம் எழும்புகிறார். ஸ்கான் எடுத்த டொக்டர் பாதியில் எழுப்பி, சலம் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடியும் எடுத்தார். றிப்போட்டில் கழிக்க முன் 410 மி.லீ., கழித்தபின் 166 மி.லீ., புரோஸ்டேட் 48 மி.லீ. என்று இருக்கிறது. இரண்டாம் தரம் ஏன்? இந்த இலக்கங்கள் பயப்பட வேண்டியவையா?
– வாசகி, உப்புவெளி

இரண்டாம் தரம் எடுத்ததுதான் உங்கள் அப்பாவுக்கு மிக முக்கியமான பகுதி. சலம் கழித்தபின் பையில் மிஞ்சுவதை அது அளக்கிறது. றிப்போட்டில் இதை 'பி.வி.ஆர்.' என்று எழுதுவார்கள்.

அளக்கும் முறை எளிது. திரையில் பையின் படத்தை நிறுத்திவைத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சிறு புள்ளடிகள் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் எடுப்பார்கள். மூன்றையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்கினால் மில்லிலீற்றர் வரும். உதாரணமாக 6.9 × 7.0 × 6.6 × 0.52 என்றால் ஏறக்குறைய 166. பை எப்போதும் சீரான முட்டை வடிவில் இருக்காது. அதனால் கொஞ்சம் கூடக்குறைய வருவது இயல்பு. 166ஐயும் 150ஐயும் வேறு வேறாக எண்ணி மனதைக் குழப்ப வேண்டாம்.

மிச்சம் 50 மி.லீ.க்குக் கீழ் என்றால் பை நன்றாகக் காலியாகிறது. வயதானவர்களில் 100 வரை பெரும்பாலும் விட்டுப் பார்ப்பார்கள். 200ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். அப்பாவின் 166 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அவசரம் இல்லை, விட்டுவிடவும் கூடாது. 410இல் 244ஐத்தான் வெளியே விட்டிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். பையில் எப்போதும் மிச்சம் இருப்பதால் அது சீக்கிரம் நிறைகிறது. இரவில் எழும்புவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் இந்த இலக்கம் ஏமாற்றக்கூடியது. வெளியே பத்துப் பேர் நிற்கும்போது, பூட்டில்லாத கதவுக்குப் பின்னால், 'கெதியா வாங்கோ' என்று யாரோ கூப்பிட, ஒரு வயதானவரால் முழுதாகக் கழிக்க முடியாது. அந்த மிச்சம் நோயின் மிச்சம் இல்லை. 600 மி.லீ.க்கு மேல் அடக்கி வைத்தவருடைய பைத் தசையும் இழுபட்டு, சரியாகச் சுருங்காது. கழித்துவிட்டு வந்து அரைமணி நேரம் வரிசையில் நின்றால், முன்னர் குடித்த தண்ணீர் அதற்குள் மறுபடி இறங்கிவிடும். கழித்து பத்து நிமிடத்துக்குள் அளப்பதே சரி. எனவே அப்பாவிடம் அன்று வழக்கம்போல் போனதா, அரைகுறையாக வந்தாரா என்று கேளுங்கள். அரைகுறை என்றால் கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள். இன்னொரு நாள் மறுபடி அளக்காமல் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. அடுத்த தரம் ஒருமுறை கழித்து, ஓரிரு நிமிடம் பொறுத்து, மீண்டும் ஒருமுறை முயன்றுவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டிலும் இந்தப் பழக்கம் நல்லது.

புரோஸ்டேட் என்பது ஆண்களில் சலப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. 48 மி.லீ. என்பது பெருத்த அளவுதான்; 25க்கு உட்பட்டதே சாதாரணம். எனினும் பருமனுக்கும் கஷ்டத்துக்கும் நேர்க் கணக்கு கிடையாது. 80 மி.லீ. சுரப்பியோடு நிம்மதியாகப் போகிறவரும் உண்டு, 30 மி.லீ.யோடு அவதிப்படுபவரும் உண்டு. சுரப்பி பைக்குள் எவ்வளவு முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதும் முக்கியம், 10 மி.மீ.க்கு மேல் முட்டினால் அடைப்புக்கான வாய்ப்பு கூடுகிறது. புரோஸ்டேட்டில் புற்றுநோய் இல்லை என்று வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் இந்த ஸ்கானால் உறுதி சொல்ல முடியாது. அதற்கு டொக்டரின் விரல் பரிசோதனையும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையும் வேறு.

*

எனக்குச் சீனி வருத்தம் உண்டு. நோன்பு காலத்தில் ஸ்கான் திகதி விழுந்திருக்கிறது. பகலில் தண்ணீர் குடிக்க முடியாது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னதாகவும் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகர், கிண்ணியா

முதலில் துண்டைப் பாருங்கள். சலப்பையும் சிறுநீரகமும் மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையே இல்லை. பித்தப்பையையும் ஈரலையும் சேர்த்துப் பார்க்கும் முழு வயிற்று ஸ்கானுக்குத்தான் 6 முதல் 8 மணிநேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். அப்போதுங்கூட நோன்பு இல்லாதவர் வெறும் தண்ணீர் குடிக்கலாம். பால் தேத்தண்ணீர்தான் கூடாது, பித்தப்பையைச் சுருக்கிவிடும்.

அவசரமில்லாத ஸ்கான் என்றால் திகதியை நோன்புக்குப் பின் மாற்றிக் கேட்பதே நல்லது. மாற்ற முடியாவிட்டால் ஸஹரில், அதாவது விடியமுன் சாப்பிடும் நேரத்தில், நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். சுபஹுத் தொழுகைக்கு முன் ஒருமுறை சலம் கழித்துவிட்டு, பிறகு எட்டரை ஒன்பது மணிவரை அடக்குங்கள். வழக்கமாகச் சலம் போகிற ஒருவருக்கு அந்த மூன்று நான்கு மணிநேரத்தில் பை போதிய அளவு நிறையும். முழு வயிற்று ஸ்கானும் சேர்ந்திருந்தால், ஸஹரில் எண்ணெய் குறைந்த உணவு சாப்பிட்டு, ஸ்கானைப் பத்தரைக்குப் பின் கேளுங்கள். அன்று எட்டு மணியளவில் ஒருதரம் கழித்துவிட்டு அங்கிருந்து அடக்கத் தொடங்கலாம்.

சீனிக் குளிசையையும் இன்சுலினையும் நோன்பு நாட்களில் எப்படி எடுப்பது என்று உங்கள் கிளினிக்கில் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஸ்கானுக்காக அதை நீங்களாக மாற்றாதீர்கள். நோன்பு இல்லாத நாளில் வெறும் வயிற்று ஸ்கான் வந்தால், காலைக் குளிசையையும் சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோய், முடிந்ததும் இரண்டையும் எடுங்கள். சாப்பிடாமல் இன்சுலின் போட்டுக்கொண்டு வரிசையில் மயங்கி விழுவது, நோன்போ இல்லையோ, ஆபத்தானது. கை நடுங்கி வியர்த்தால் உடனே இனிப்பு எடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

*

மகளுக்கு ஆறு வயது. காய்ச்சலோடு சலத்தில் கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். இப்போது ஸ்கான். பிள்ளையை ஒரு மணிநேரம் எப்படி அடக்க வைப்பது?
– தாய் ஒருவர், மூதூர்

பெரியவர்களின் அளவைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள். பிள்ளையின் பை கொள்ளும் அளவை வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கிக் கணிப்பார்கள். ஆறு வயதுக்கு 210 மி.லீ. ஆகவே ஒன்றரைக் கிளாஸ் தண்ணீர் போதும். ஒரே மூச்சில் குடிக்க வைக்க வேண்டாம், முக்கால் மணிநேரம் முன்னர் தொடங்கிக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளை கால்களை மாற்றி மாற்றிக் குறுக்கே வைக்கத் தொடங்கினால் பை நிறைந்துவிட்டது; அப்போதே தாதியிடம் சொல்லுங்கள். பிள்ளைகளை முன்னால் எடுப்பது பல இடங்களில் வழக்கம்.

மிரட்டி அடக்க வைக்காதீர்கள். அடக்கி அடக்கி வைக்கும் பழக்கமே சில பிள்ளைகளுக்குக் கிருமி திரும்பத் திரும்ப வரக் காரணம். உடுப்பில் போய்விட்டால் ஏசவும் வேண்டாம். மாற்றுடுப்பு ஒன்றைக் கொண்டுபோங்கள். கைக்குழந்தை என்றால் நிறைக்கும் முயற்சியே தேவையில்லை. பால் கொடுத்துவிட்டுக் கொண்டுபோனால், பையில் இருப்பதை முதலில் பார்த்துவிடுவார்கள். ஸ்கானுக்காக வயிற்றில் பூசும் ஜெல் பட்டதும் சலம் போகிற குழந்தைகள்தான் அதிகம்.

இந்த ஸ்கானில் கதிர்வீச்சு கிடையாது, பிள்ளைக்குக் கேடில்லை. கிருமி இருக்கிறதா என்று இது சொல்லாது. அதை யூ.எஃப்.ஆர்., கல்ச்சர் என்ற சலப் பரிசோதனைகள்தான் சொல்லும். கிருமி வருவதற்கு வழி செய்யும் அமைப்புக் குறை ஏதும் உண்டா என்று பார்க்கத்தான் ஸ்கான்.

*

மாமிக்கு இதய வருத்தம், கால் வீக்கம். ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறார்கள். ஸ்கானுக்கு எப்படிக் குடிப்பது?
– வாசகி, தம்பலகாமம்

அந்த ஒரு லீற்றருக்கு மேல் ஒரு கிளாஸ்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்கானுக்காகக் குடித்த தண்ணீர் நெஞ்சில் ஏறி மூச்சுமுட்டலோடு வார்ட்டில் சேரும் நிலை வரக் கூடாது. அன்றைய பங்கில் ஒரு கிளாஸைக் காலையில் கொடுத்துவிட்டு, ஸ்கானுக்கு இரண்டு மூன்று மணிநேரம் முன்பிருந்து சலம் கழிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். சலம் போகிற குளிசை எடுப்பவர் என்றால், வழக்கமான நேரத்திலேயே எடுக்கட்டும். அதுவே பையை நிறைக்கும். தண்ணீர் கட்டுப்பாடு இருப்பதைத் துண்டிலேயே டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் வரிசையில் பக்கத்தில் இருப்பவரே 'இன்னும் குடியுங்கோ அம்மா' என்று போத்தலை நீட்டுவார். இரத்தச் சுத்திகரிப்பில் இருந்து சலமே போகாதவர்களுக்கும் இது பொருந்தும்: அவர்களின் பை எவ்வளவு குடித்தாலும் நிறையாது.

*

கதீட்டர் (சலத்தை வெளியேற்றும் குழாய்) போட்டிருப்பவருக்கு எப்படி?
– வாசகர், கந்தளாய்

குழாயை நீங்களாகக் கட்டவோ மடிக்கவோ வேண்டாம். பையை நிறைக்க வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் அடைப்பது என்று தாதி சொல்வார், நேரம் முடிந்ததும் திறந்துவிடுவார். முள்ளந்தண்டு நரம்பில் காயமுள்ளவர்களில் குழாயை அடைத்து மறந்துவிட்டால் இரத்தப் பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குழாயின் நுனியில் சலம் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், கட்டிலில் ஏறும்போதும்.

*

திருமணமாகாத பெண் நான். எந்தளவு உடுப்புக் களைய வேண்டும்? உள்ளே ஏதும் வைத்துப் பார்ப்பார்களா? மாதவிடாய் நாளில் போகலாமா?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

உடுப்பைக் களையத் தேவையில்லை. மேற்சட்டையைத் தொப்புள் வரை உயர்த்தி, பாவாடையை இடுப்பெலும்புக்குக் கீழ் கொஞ்சம் இறக்கினால் போதும். ஓரத்தில் ரிசு செருகி உடுப்பில் ஜெல் படாமல் பார்ப்பார்கள். இடுப்பில் இறுக்கமில்லாத, மேலும் கீழும் பிரிந்த உடுப்பாகப் போடுங்கள். ஜெல் குளிராக இருக்கும், கழுவினால் போய்விடும். நிறைந்த பையின்மேல் அழுத்தும்போது அசௌகரியம் இருக்கும், வலி இருக்கக் கூடாது, வலித்தால் சொல்லுங்கள். பத்து முதல் இருபது நிமிடம்.

சலப்பை ஸ்கானுக்கு உள்ளே எதுவும் வைப்பதில்லை. கருப்பைக்காக யோனி வழியாக எடுப்பது வேறு ஸ்கான், அதற்குப் பை காலியாக இருக்க வேண்டும். உங்கள் சம்மதமில்லாமல் அதைச் செய்ய முடியாது. அறையில் ஒரு பெண் உடனிருக்கக் கேட்பது உங்கள் உரிமை. மாதவிடாய் ஸ்கானுக்குத் தடையில்லை. சலம் பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் அந்த நாட்களைத் தவிருங்கள், இரத்தம் கலந்து முடிவு குழம்பும்.

*

58 வயது, கடல் தொழில். சுருட்டும் சிகரெட்டும் பல வருடப் பழக்கம். போன மாதம் ஒருநாள் சலம் சிவப்பாகப் போனது, வலியில்லை. அடுத்த நாள் சரியாகிவிட்டது. ஸ்கானில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. இனி விட்டுவிடலாமா?
– வாசகர், குச்சவெளி

விடக் கூடாது. இந்த மாதம் வந்த கடிதங்களில் எங்களை அதிகம் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான்.

சலப்பைப் புற்றுநோய் பல வேளைகளில் இப்படித்தான் தலைகாட்டும்: வலியில்லாத இரத்தம், ஒருநாள் வரும், தானாக நிற்கும், மாதக்கணக்கில் வராது. நின்றது குணமானதற்கு அடையாளம் இல்லை. புகைத்தல் இதற்கு முதன்மையான காரணம். புகையின் நச்சுகள் சலத்தில் சேர்ந்து பையில்தான் மணிக்கணக்கில் தங்குகின்றன.

ஸ்கான் கண்டுபிடிப்பதைக் கண்டுபிடிக்கும். காணாததை இல்லை என்று சொல்லும் வலு அதற்குக் குறைவு. 5 மி.மீ.க்கு உட்பட்ட கட்டியும், சுவரோடு தட்டையாகப் படரும் வகையும் ஸ்கானுக்குத் தப்பிவிடும். பை சரியாக நிறையாமல் எடுத்திருந்தால் இன்னும் பெரியதும் தப்பலாம். ஏதாவது தெரிந்தால் உங்களை ஒரு பக்கம் சரிந்து படுக்கச் சொல்வார்கள். கல் என்றால் பளிச்சென்ற வெள்ளையாக, பின்னால் கறுப்பு நிழலோடு, நீங்கள் சரியும் பக்கமே உருளும். உறைந்த இரத்தக் கட்டியும் பெரும்பாலும் இடம் மாறும், ஆனால் நிழல் விழாது. சுவரில் வளர்ந்த கட்டி நகராது. அதற்குள் இரத்த ஓட்டம் இருக்கிறதா என்று நிறப் படத்தில் பார்ப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. 'ஒருநாள் சலத்தில் இரத்தம் போனது, புகைப்பவன்' என்ற இரண்டையும் சொல்லி யூரோலொஜி (சிறுநீரக, சலப்பை நோய்) கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். அங்கே சிஸ்டோஸ்கோப்பி செய்வார்கள்: மரக்கச் செய்யும் ஜெல் போட்டு, மெல்லிய கமரா குழாயைச் சலத்துவாரம் வழியாக விட்டுப் பையின் உட்சுவரை நேரில் பார்ப்பது. சில நிமிட வேலை. சிறுநீரகத்தையும் சலக்குழாயையும் பார்க்க சீ.ரீ. ஸ்கானும் தேவைப்படலாம். முன்கூட்டியே பிடிபட்டால் பெரும்பாலான கட்டிகளைச் சலத்துவாரம் வழியாகவே அகற்றலாம், பையை எடுக்க வேண்டி வராது. பீட்றூட் சாப்பிட்டாலும், காசநோய்க் குளிசை எடுத்தாலும் சலம் சிவக்கும் என்பது உண்மை. அப்படி ஒன்றும் இல்லை என்றால், 'வெயில் சூடு' என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு நாள் கடத்தாதீர்கள்.

*

பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நேற்று இரவிலிருந்து சலம் போகவில்லை, அடிவயிறு கல்லுப்போல இருக்கிறது. அவருக்கு ஸ்கான் அடுத்த கிழமைதான். நிறையத் தண்ணீர் குடித்தால் போகும் என்கிறார்கள், சரியா?
– வாசகர், நிலாவெளி

தவறு. கடிதம் அச்சாகும்வரை காத்திராமல் உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறோம். அடைபட்ட பைக்குள் தண்ணீரை ஊற்றினால் வலிதான் கூடும். ஸ்கான் திகதிக்குக் காத்திருக்கும் வேலையும் இல்லை. அன்றே அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். கதீட்டர் போட்டுச் சலத்தை எடுத்தபின்தான் மற்றப் பரிசோதனைகள்.

கடைசி இரண்டு மூன்று நாளில் தடிமல் குளிசை ஏதும் எடுத்தாரா, மலச்சிக்கல் இருந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெருத்த புரோஸ்டேட் உள்ளவருக்கு இவை இரண்டுமே சலத்தை அடைத்துவிடக் கூடியவை. கால் பலவீனம், உட்காரும் இடத்தில் மரப்பு, முதுகுவலி இவற்றோடு சலம் நின்றால் முள்ளந்தண்டுப் பிரச்சினையாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணிநேரமும் முக்கியம்.

வலியே இல்லாமல் அடைபடுவதும் உண்டு. பெரியவர் 'துளித்துளியாகப் போய்க்கொண்டுதானே இருக்கிறது' என்பார், சாரம் எப்போதும் நனைந்திருக்கும். அது நிரம்பி வழியும் சலம். அவருக்கு ஸ்கானில் ஒரு லீற்றருக்கு மேல்கூட மிச்சம் தெரியலாம். நீண்ட நாள் அப்படி இருந்தால் இரண்டு சிறுநீரகமும் கெடும் என்பதால் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையும் அன்றே எடுக்க வேண்டும். கதீட்டர் போட்டபின் சில மணிநேரம் சலம் வெள்ளம்போலப் போகலாம். அந்த நேரம் வார்ட்டில் வைத்து அளந்து பார்ப்பார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்பட வேண்டாம். போகும்போது கிளினிக் கொப்பியையும், அவர் எடுக்கும் எல்லாக் குளிசைகளையும், கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.